வாடகைக்குப் பணம் இல்லாத மாதம்: யாரிடம் முதலில் போவது?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆத்தங்குடிக் கல் காய வெயில் இருக்காது. கல் போடுகிறவருக்கு வேலை பாதியாகிவிடும். முகூர்த்த மாதங்களில் ஓடி ஓடிச் சமைக்கும் கல்யாணச் சமையல்காரர் ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில்தான் இருப்பார். கொத்தனார், சித்தாள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லோருக்கும் இப்படி ஒரு வறண்ட மாதம் உண்டு. அந்த மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டால் முதலில் நிற்பது வாடகை.

அப்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். நகையை வைக்கவா, மகளிர் குழுவில் கேட்கவா, தண்டல்காரரிடம் வாங்கவா, வீட்டுக்காரரிடமே சொல்லிப் பார்க்கவா? பெரும்பாலோர் வீட்டுக்காரரைக் கடைசியில் வைக்கிறார்கள், அவர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு. என் கருத்து நேர் எதிர். முதலில் போக வேண்டியது அவரிடம்தான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது ஒரு மாதத்துப் பள்ளமா, இல்லை வருமானமே குறைந்துவிட்டதா? மழை விட்டதும் வேலை திரும்பும் என்றால் கடன் வாங்கலாம், அடைத்துவிடலாம். வேலையே போய்விட்டது, சம்பாதித்தவர் படுத்துவிட்டார் என்றால் எந்தக் கடனும் அடுத்த மாத வாடகையைக் கொடுக்காது. அப்போது வேறு வழி யோசிக்க வேண்டும்.

அதன்பின் நான்கு விஷயம் பாருங்கள். பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? வட்டியும் மற்றச் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? முதல் தவணை எப்போது தொடங்கும்? தவணை தவறினால் எது கையை விட்டுப் போகும்? நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பின்னால் கண்ணீர் வருவது அங்கிருந்துதான்.

வட்டிக் கணக்குக்குப் பெயர்போன சீமை இது. பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் நகரத்தார் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். ஆனாலும் ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’ என்பதை ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பார்க்காமலே இன்று பலர் கடன் வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று என்றால் 36. பத்து வட்டி என்றால் 120 சதவீதம்.

ரூ.5,000 வாடகை, மூன்று மாதத்துக்கு ரூ.15,000 தேவை, நான்கு மாதத்தில் அடைக்க முடியும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அசலைக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதாகக் கொண்டது. தண்டல் மட்டும் வேறு, அதில் தினமும் கட்ட வேண்டும்.

| வழி | எத்தனை நாளில் | 4 மாதச் செலவு | தவறினால் |
|---|---|---|---|
| வீட்டுக்காரரிடம் தவணை | அன்றே | பெரும்பாலும் இல்லை | வீடு, நல்ல பெயர் |
| வங்கி, சொசைட்டி நகைக்கடன் (ஆண்டுக்கு 10% என்றால்) | அன்று அல்லது மறுநாள் | ரூ.500 + மதிப்பீட்டுக் கட்டணம் | நகை |
| அடகுக்கடை (2 வட்டி என்றால்) | அரை மணி நேரம் | ரூ.1,200 | நகை |
| குழு உள்கடன் (1 வட்டி என்றால்) | அடுத்த கூட்டம் | ரூ.600 | குழுவில் மரியாதை, அடுத்த கடன் |
| கைமாற்று | சொல்ல முடியாது | இல்லை | உறவு |
| தண்டல் | அன்றே | 100 நாளில் ரூ.2,600-க்கு மேல் | நிம்மதி |
| பத்து வட்டி | அன்றே | ரூ.6,000 | எல்லாம் |

வீட்டுக்காரரிடம் அவகாசம் கேட்பது

செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல வீடுகளுக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வாடகை வாங்குவது கணக்குப்பிள்ளை, தூரத்துச் சொந்தம், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பழைய பெரிய வீடு என்றால் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். வாடகை வாங்க வருகிறவர் ‘சரி, அடுத்த மாசம் கொடுங்க’ என்று சொல்லிவிட்டால் அது வீட்டுக்காரரின் சம்மதம் ஆகாது. முடிவெடுக்கும் ஆள் யார் என்று கேட்டு, அவரிடமே போனில் பேசுங்கள். பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பிவிடுங்கள்: எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் எவ்வளவு தருவீர்கள் என்று.

எப்படிக் கேட்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். கண்டனூர்ப் பக்கம் ஓர் அக்கா, கணவர் கால் முறிந்து படுத்திருந்தபோது, வாடகைத் தேதிக்கு முன்பே வீட்டுக்கார ஆச்சியைப் பார்க்கப் போனார். கையில் ரூ.2,000 கொண்டுபோனார். “ஆச்சி, இந்த மாசம் முழுசாக் கொடுக்க முடியல. இதை வச்சுக்கங்க. மிச்சத்தை ரெண்டு தவணையா, தைக்குள்ள கொடுத்திடுறேன். நோட்டுல எழுதிக்கங்க” என்றார். ஆச்சி நோட்டை எடுத்து எழுதி, இவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவுதான். தேதி தாண்டியபின், ஆச்சி ஆள் அனுப்பிக் கேட்டபின் இதையே சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கொஞ்சமாவது பணம், ஒரு தேதி, ஓர் எழுத்து. இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

உங்கள் பக்கமும் பலம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். அந்த நேரத்தில் உங்களைக் காலி செய்யச் சொன்னால் வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கும். புதிதாக ஆள் வைக்க வேண்டுமென்றால் வெள்ளையடிக்க வேண்டும், தரகருக்குக் கொடுக்க வேண்டும். ஒழுங்காக இருந்த குடித்தனக்காரருக்கு ஒரு மாதம் பொறுப்பது அவருக்கும் லாபம்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அது உரிமை கிடையாது. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிக் கழித்தால் குறைந்த அட்வான்ஸை மறுபடி எப்போது நிரப்புவது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் காலி செய்யும்போது வாய்ச் சண்டை நிச்சயம். வெள்ளையடித்த கூலி, உடைந்த குழாய் என்று கழித்தது போக மிச்சம் ஒன்றும் இருக்காது. வீட்டைக் காலி செய்வது என்று முடிவாகிவிட்டவருக்கு மட்டும் அட்வான்ஸில் கழிப்பதுதான் முதல் வழி.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது. திரும்பத் திரும்ப பாக்கி வைப்பவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. பாக்கிக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. ஆனால் இதே சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கவும் இடமுண்டு. நம் பக்கம் முக்கால்வாசி வீடுகள் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன. அதனால் சட்டத்தைக் கையில் எடுப்பதைவிட ஆச்சியின் நோட்டில் எழுதுவது நல்லது.

நகைக்கடன்

அவகாசம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த அவகாசம் போதவில்லை என்றால் அடுத்தது நகை. வீட்டில் ஒரு கிராம் தங்கம்கூட இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இன்று பவுன் விற்கிற விலைக்கு ரூ.15,000 கடனுக்குச் சங்கிலி தேவையில்லை. இரண்டு மூன்று கிராம் கம்மலே போதும். ‘வச்சதுதான் வச்சோம்’ என்று சங்கிலியைக் கொடுத்து ஐம்பதாயிரம் வாங்கிவிடுகிறார்கள். வாடகைக்குப் பதினைந்து போக மீதி முப்பத்தைந்தும் போன இடம் தெரியாது, வட்டி மட்டும் ஐம்பதுக்கு ஓடும். தேவைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். சிறிய நகையாக இருந்தால் மீட்பதும் எளிது.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய வித்தியாசம். ஊர்ச் சொசைட்டி, சிவகங்கை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளை, பொதுத்துறை வங்கி ஆகிய மூன்றிலும் வட்டி குறைவு. ஆனால் கணக்கு, ஆதார், நகை மதிப்பீட்டாளர் இருக்கும் நேரம் என்று அரை நாள் வேலை கெடும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி இல்லை. தனியார் நகைக்கடன் கம்பெனியில் சீக்கிரம் ஆகும், வட்டி கூடுதல். அடகுக்கடையில் இன்னும் சீக்கிரம், இன்னும் கூடுதல். அரை நாள் கூலியைப் பார்த்து அடகுக்கடைக்குப் போகிறவர்கள், மேலே போட்ட கணக்குப்படி நான்கு மாதத்தில் எழுநூறு ரூபாயை அதிகமாகக் கட்டுகிறார்கள். இன்றைக்கே பணம் வேண்டும் என்றால் ஒழிய அது தேவையில்லை. அடகுக்கடைதான் என்றால் உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள். எடை, கல் எடை, வட்டி மூன்றும் எழுதிய அடகுச் சீட்டு இல்லாமல் நகையைக் கழற்றாதீர்கள்.

2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. ரூ.2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தாமதித்தால் நாளுக்கு ரூ.5,000 உங்களுக்குக் கொடுக்க வேண்டும். வங்கிக்கும் பதிவுபெற்ற நகைக்கடன் கம்பெனிக்கும் இது பொருந்தும், தெரு அடகுக்கடைக்குப் பொருந்தாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டுமே வரும் ஓர் ஆபத்தும் இதில் இருக்கிறது. கடன் வாங்கும்போது பழைய முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். நடுவில் வீடு மாறிவிடுவீர்கள். தவணை தாண்டினால் ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும். அம்மாவின் நகை ஏலம் போனது மூன்று மாதம் கழித்துத் தெரிய வந்த குடும்பங்கள் உண்டு. வீடு மாறினால், போன் நம்பர் மாறினால், அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். இன்னொருவர் பெயரில் நகையை வைக்கவும் கூடாது. ரசீதில் யார் பெயரோ, கேட்கும் உரிமை அவருக்குத்தான்.

2021-ல் கூட்டுறவில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி ஆனதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுபடி வரும் என்று மீட்காமல் விடாதீர்கள். அப்போதும் நிபந்தனைகளால் கிடைக்காமல் போனவர்கள் பலர்.

மகளிர் குழு

குழுவின் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் நல்ல பணம். அதன் வட்டி குழுவுக்கே திரும்புகிறது. சிக்கல் நேரம்தான். கூட்டம் கூட வேண்டும், இருப்பு இருக்க வேண்டும், உங்களுக்கு முன் கேட்டவர் இருக்கக் கூடாது. வீட்டு நிலைமை பத்துப் பதினைந்து பேருக்குத் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் அதே பத்துப் பேரில் ஒருவர்தான் வேலை இருக்கிற இடத்தையும் சொல்வார். உரிமைத்தொகை வாங்குகிறவர்கள் மாதம் வரும் ரூ.1,000-த்தை அப்படியே இந்தத் தவணைக்கு ஒதுக்கிவிடலாம்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன் இதிலிருந்து வேறு. இரண்டையும் ‘குழு’ என்றே சொல்வதால் குழம்பிப்போகிறது. அங்கே வாரத் தவணை, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களை உட்கார வைப்பார்கள். வருமானம் நின்ற மாதத்தில் வாரத் தவணைக் கடன் வாங்குவது சரியில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டித் தருகிறேன் என்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

கைமாற்று, முதலாளியிடம் முன்பணம், சீட்டு

கைமாற்றுக்கு வட்டி இல்லை. ஆனால் சொன்ன தேதியில் கொடுக்காவிட்டால் அடுத்த விசேஷத்தில் நான்கு பேர் நடுவில் பேச்சு வரும். ஒரே ஆளிடம் பதினைந்தாயிரம் கேட்காமல் மூன்று பேரிடம் ஐயாயிரமாகக் கேளுங்கள். தருவதும் எளிது, ஒவ்வொன்றாக அடைப்பதும் எளிது.

கடை, மில், பட்டறை முதலாளியிடம் வாங்கும் முன்பணம் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழிந்தால் நல்லது. மாதம் எவ்வளவு பிடிப்பார் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். முன்பணம் தீராமல் வேறு வேலைக்குப் போக முடியாது என்ற கட்டுதான் இதன் விலை. கூலி கூடுதலாகக் கிடைக்கும் வேறு இடம் கண்ணில் பட்டிருந்தால் இதை வாங்காதீர்கள். பி.எஃப். பிடிக்கிற வேலை என்றால், மருத்துவச் செலவால் வந்த முடைக்கு பி.எஃப். முன்பணம் கேட்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, கடைசிக்கால இருப்பு குறையும்.

ஏலச்சீட்டில் ஏற்கெனவே பணம் கட்டி வருகிறவர் இந்த மாதம் எடுக்கலாம். அவசரத்தில் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகமாகப் போகும் என்பதால் உட்கார்ந்து ஏலம் கேட்கும்முன் உங்கள் எல்லையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்காகப் புதிதாகச் சீட்டில் சேர வேண்டாம்.

தண்டல், கந்துவட்டி, ஆப் கடன்

தண்டல் பார்க்கச் சிறிதாகத் தெரியும். ரூ.10,000 என்று எழுதி ரூ.1,500 பிடித்துக்கொண்டு கையில் ரூ.8,500 தருவார்கள். தினம் நூறு, நூறு நாள். ‘ஆயிரத்து ஐநூறுதானே’ என்று தோன்றும். ஆனால் மறுநாளே கட்டத் தொடங்குவதால் அந்தப் பணம் முழுதாக உங்கள் கையில் இருப்பதே இல்லை. சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் இதுவும் மாதம் பத்து வட்டிக்கு மேல் வந்து நிற்கிறது. தினம் சரக்கு வாங்கி தினம் விற்கும் காய்கறிக்காரருக்கு அது ஓரளவு ஓடலாம். வேலையில்லாமல் வாடகைக்குத் திண்டாடுகிறவர் நாளைக்கு நூறு ரூபாய்க்கு எங்கே போவார்?

கந்துவட்டி, மீட்டர் வட்டி பக்கமே போகாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் பயப்படாமல் போலீசிலோ, திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். வெற்றுப் பத்திரத்திலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது.

போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களில் பதிவுபெற்ற நிறுவனத்துக்காக வேலை செய்பவையும் இருக்கின்றன, திருட்டு ஆப்களும் இருக்கின்றன. எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் கடன் தருகிறது என்று பெயர் சொல்லாத ஆப், உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் கேட்கும் ஆப், இரண்டையும் அப்போதே அழித்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவி

வாடகை பாக்கிக்கென்று அரசுத் திட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற முதியவர் என்றால் அவரவருக்கான மாத உதவித்தொகை விடுபட்டிருக்கிறதா என்று இ-சேவை மையத்தில் பாருங்கள். இந்த மாத வாடகைக்கு அது உதவாது, அடுத்த ஆண்டு வாடகைக்கு உதவும்.

உடனடி உதவி பெரும்பாலும் கோவில், பள்ளிவாசல், மாதா கோவில் வழியாகத்தான் வருகிறது. பல ஜமாஅத்துகளில் பைத்துல்மால் என்ற பொது நிதி இருக்கிறது, வட்டியில்லாமல் தருவார்கள். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபை வீடு தேடி வந்து பார்த்து உதவும். நகரத்தார் அறக்கட்டளைகள் பெரும்பாலும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் தருகின்றன. அதில் ஒரு வழி இருக்கிறது. பிள்ளையின் பீஸையோ மருந்துச் செலவையோ அங்கே கேட்டுப் பெற்றால், கையில் இருக்கும் காசு வாடகைக்கு மிஞ்சும். ‘வாடகைக்கு’ என்று கேட்டு இல்லை என்று வந்தவர்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த நிலைமையில் எது

ஒரு மாதம்தான் இடிக்கிறது, வேலை திரும்பும்: வீட்டுக்காரரிடம் அவகாசம், பாதிப் பணம் உடனே. வேறு கடன் வேண்டாம்.

இரண்டு மூன்று மாதம் ஆகும், சம்பாதிப்பவர் குணமாகிவிடுவார்: பாதி அவகாசம், பாதிக்குச் சின்ன நகையை வங்கியிலோ சொசைட்டியிலோ வைப்பது. நகை இல்லாவிட்டால் உள்கடன், அல்லது பிரித்துக் கேட்ட கைமாற்று.

வருமானமே குறைந்துவிட்டது: கடன் வாங்கி இதே வீட்டில் நீடிக்காதீர்கள். காரைக்குடியில் கொடுக்கும் வாடகையைவிடக் கோட்டையூர், கண்டனூர், அரியக்குடிப் பக்கம் குறைவாகப் பார்க்கலாம். ஆனால் புது அட்வான்ஸ், தரகர், வண்டிக் கூலி, பிள்ளைகளின் பஸ் செலவு எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். மாதம் மிச்சமாகும் தொகை ஓராண்டுக்குள் இதை ஈடுகட்டினால் மாறுவது சரி. பழைய அட்வான்ஸ் கைக்கு வராமல் புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டி வருமா என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. இந்த ஒரு நிலைமையில் மட்டும் வேகத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுத்து நகையை வைத்தாலும் தவறில்லை. பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள், இல்லையென்றால் ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தாலோ, சாமானை வெளியே வைப்பேன் என்று மிரட்டினாலோ 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு.